கொட்டகையில் தொங்கிய ரேஸ் சைக்கிள்: எடுக்கவா, விடவா?

ஊர்சுற்றி

எல்லோருக்கும் வணக்கம். பயணத்தில் இருக்கிறேன், கையில் மூன்று நாள்தான் மிச்சம், அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே உள்ள மலையில், ஒரு பழைய வீட்டின் மாடி அறையில் தங்கியிருக்கிறேன். இன்று காலை மக்ரேல்யோவில் இருக்கும் கிசால்லோ மாதா கோவிலுக்குப் போனேன். சைக்கிள்காரர்களுக்குக் காவல் அந்த மாதாதான், 1949இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அப்படி அறிவித்தார். உள்ளே சுவர் முழுக்க சைக்கிள்கள், பனியன்கள். பார்த்துவிட்டுத் திரும்பும்போது நல்ல மழை, வாசல் வரை ஓட முடியாமல் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒதுங்கினேன். விறகு அடுக்கு, கால் உடைந்த ஏணி, காலி பாட்டில்கள், இதற்கெல்லாம் பின்னால் உத்தரத்துக் கொக்கியில் தலைகீழாக ஒரு ரேஸ் சைக்கிள் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நிறம் சிவப்பு என்று சொல்லலாம், வெயில் பட்ட பக்கம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஃபோர்க் கால்களில் பாதி வரை குரோம். கீர் லீவர்கள் ஹேண்டில்பாரில் இல்லை, கீழ்க்குழாயில் இருக்கின்றன. பின் டெரெய்லரில், அதாவது செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் சாமானில், கம்பன்யோலோ, நுவோவோ ரெக்கார்ட் என்று பொறித்திருக்கிறது, அதன் மேல் பக்கத்தில் “பேட். 74” என்றும் இருக்கிறது. ஃப்ரேமில் இருந்த ஸ்டிக்கர் உரிந்துபோய் இரண்டு மூன்று எழுத்துதான் மிச்சம், யார் செய்தது என்று தெரியவில்லை. டயர்கள் வெடித்துக் கிடக்கின்றன. வீட்டுக்காரப் பாட்டியிடம் போனில் மொழிபெயர்த்துக் கேட்டேன். இறந்துபோன கணவருடையதாம். “வேண்டுமென்றால் எடுத்துக்கொள், அங்கே தூசிதான் தின்கிறது” என்றார்.

நான் தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவன், அவ்வளவுதான். பழைய சைக்கிள் பற்றி ஒன்றும் தெரியாது. இது நிஜமாகவே 1974ஆம் வருட ரேஸ் சைக்கிளா? எடுக்கலாமா? எடுத்தால் எப்படிக் கொண்டுவருவது?

கோட்டம்

மழைக்கு ஒதுங்கினால் எனக்குச் சளிதான் பிடிக்கும். உமக்குக் கம்பன்யோலோ கம்பெனியின் ரேஸ் கீர், நுவோவோ ரெக்கார்டே கிடைக்கிறது. நல்லா இருங்க.

நட்டுபோல்ட்டு

தம்பி, முதலில் அந்த ஸ்டிக்கரை மறந்துவிடு. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். அதோடு அந்தக் காலத்தில் பெரிய பேர் ஒட்டிய ஃப்ரேம்களில் நிறைய சின்னப் பட்டறைகளில் செய்து கொடுத்தவைதான். பேர் பொய் சொல்லும், அளவு சொல்லாது.

“பேட். 74”, அதாவது பேட்டன்ட் 74, என்பது அந்த டெரெய்லரின் வயது. சைக்கிளின் வயது இல்லை. நுவோவோ ரெக்கார்ட் 1967இல் வந்தது, பல வருடம் ஓடியது, அதில் அந்தந்த வருடத்தை இப்படி அடித்துவைத்தார்கள். ஆனால் டெரெய்லர் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிற சாமான், ஐந்து நிமிடத்தில் கழற்றி வேறொன்றில் மாட்டலாம். அதனால் இதையெல்லாம் பார்த்துச் சொல்லு. பின் சக்கரத்தில் எத்தனை பல்சக்கரம் இருக்கிறது? பின் சக்கரத்தைக் கழற்றி, அச்சு உட்காரும் இரண்டு பிளேட்டுகளுக்கும் நடுவே உள்பக்க இடைவெளி எத்தனை மில்லிமீட்டர்? 120 என்றால் ஐந்து பல்சக்கரக் காலம், 126 என்றால் ஆறு, ஏழு. 130 என்றால் எட்டுக்கு மேல், அதாவது இன்னும் புதுசு. தண்ணீர் பாட்டில் கூட்டுக்கு ஃப்ரேமிலேயே மரை போட்டிருக்கிறார்களா, ஒரு ஜோடியா இரண்டு ஜோடியா? பிரேக் கேபிளைப் பிடிக்கிற வளையங்கள் மேல்குழாயோடு பற்றவைத்தவையா, கிளிப் போட்டு இறுக்கியவையா?

இன்னொன்று, இது எனக்குப் பிடித்த சோதனை. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஃபோர்க் தலையின் அடிப்பக்கத்து ஓட்டை வழியாக ஸ்டீரிங் குழாய்க்குள் டார்ச் அடி. உள்ளே ஐந்து வரி, துப்பாக்கிக் குழல் மாதிரி முறுக்கிக்கொண்டு போனால், அது கொலம்பஸ் என்ற இத்தாலியக் குழாய்க் கம்பெனியின் நல்ல ரகம். வண்டி தலைகீழாகத் தொங்குவதால் உனக்குக் குனிகிற வேலைகூட இல்லை.

பழைய இரும்பு

அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் ஊர்சுற்றி, வயது, பேர் எல்லாம் அப்புறம். ஃப்ரேம் முழுசாக இருக்கிறதா பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் தலைக்குழாய்க்குப் பின்னால், மேல்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நல்லது. பெயின்ட்டில் சுருக்கமோ சின்ன வீக்கமோ தட்டுப்பட்டால் அந்த வண்டி எதிலோ நேராகப் போய் மோதியிருக்கிறது, குழாய் மடங்கியிருக்கிறது. ஃபோர்க்கைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள், தலைக்குழாயின் கோட்டிலேயே இறங்கிப்போய் நுனியில்தான் முன்பக்கம் வளைய வேண்டும். மேலேயே பின்னுக்குத் தள்ளியிருந்தால் அதே கதை. அப்படி இருந்தால் பாட்டிக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பவும் கொக்கியில் மாட்டிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் உயரம் என்ன? சீட்டுக் குழாய் எத்தனை சென்டிமீட்டர்? பழைய சைக்கிளைப் பார்த்த மயக்கத்தில் தன் அளவுக்கு இரண்டு சைஸ் பெரிய ஃப்ரேமை வாங்கி, சுவரில் மாட்டி வைத்திருக்கும் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

ஊர்சுற்றி

மாலை முழுக்கக் கொட்டகையில்தான். பாட்டி ஒரு துணி அளவு நாடாவும், கணவரின் ஸ்பேனர் டப்பாவும் கொடுத்தார். அந்த டப்பாவே தனி இழை போடுகிற அளவுக்கு இருக்கிறது.

பல்சக்கரம் ஆறு. பின் இடைவெளி நாடாவில் அளந்தால் 126. மூன்று தடவை அளந்தேன். பாட்டில் மரை இரண்டு ஜோடி. பிரேக் கேபிள் வளையங்கள் பற்றவைத்தவை. டார்ச் அடித்தேன், ஐந்து வரி இருக்கிறது!! குழாய்க்குள் எட்டிப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை. அடியில் பெடல் அச்சு உட்காரும் கூட்டில் “56” என்று மட்டும் அடித்திருக்கிறது, வேறு எண் எதுவும் இல்லை. சீட்டுக் குழாயை அளந்தாலும் 56தான். நான் 178 சென்டிமீட்டர். சுருக்கம், வீக்கம் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை, ஃபோர்க் நேராக இருக்கிறது.

ஒரு பிரச்சினை. சீட்டுக் கம்பி அசைய மாட்டேன் என்கிறது. போல்ட்டைக் கழற்றிவிட்டு, சீட்டைப் பிடித்து நானும் பாட்டியின் பேரனும் திருகிப் பார்த்தோம். சைக்கிளோடு சேர்ந்து நாங்கள்தான் சுற்றினோம்.

நட்டுபோல்ட்டு

அப்படியென்றால் அது 1974 வண்டி இல்லை. ஆறு பல்சக்கரம், 126 இடைவெளி, இரண்டு ஜோடி பாட்டில் மரை, பற்றவைத்த வளையங்கள், இவ்வளவும் ஒரே ஃப்ரேமில் இருந்தால் எழுபதுகளின் கடைசிக்கு முன்னால் போகாது. எண்பதுகளின் தொடக்கம் என்று நான் சொல்வேன். டெரெய்லர் மட்டும் அதற்கு மூத்தது. சீரியல் எண் இல்லையே என்று பயப்படாதே, இத்தாலியப் பட்டறைகளில் நிறைய பேர் சைஸை மட்டும்தான் அடிப்பார்கள்.

பழைய இரும்பு

இதைத்தான் சொல்ல வந்தேன். 120ஐ 126 ஆக விரித்திருக்கலாமே அண்ணே. இரும்புக் குழாய், விரியும். எத்தனையோ பேர் பழைய ஃப்ரேமை விரித்து ஆறு பல்சக்கரம் போட்டுக்கொண்டார்கள். பாட்டில் மரையையும் அப்புறம் வைத்துப் பற்றவைக்கலாம். மறுபடி பெயின்ட் அடித்த ஃப்ரேமாகவும் இருக்கலாம்.

நட்டுபோல்ட்டு

விரிக்கலாம். ஆனால் இரண்டாவது ஜோடி மரை, கேபிள் வளையம், விரித்த பின்பக்கம், புது பெயின்ட், இவ்வளவு செலவையும் ஒரே ஃப்ரேமுக்கு ஒருவன் செய்தான் என்று நம்புவதைவிட, பழைய டெரெய்லரைக் கழற்றி புது ஃப்ரேமில் மாட்டினான் என்று நம்புவது எனக்குச் சுலபம். ரேஸ் ஓட்டுகிறவன் சாமானைத் தூக்கிப்போட மாட்டான், அதுவும் நுவோவோ ரெக்கார்டை. அது சாவதே இல்லை, அதுதான் அதோடு பிரச்சினை.

மழைக்கால மிதி

நான் மிலான் பக்கம் வேலை பார்க்கிறேன், அந்தக் கிசால்லோ கோவில் ஏற்றத்தில் வார இறுதிகளில் ஓட்டியிருக்கிறேன். நீங்கள் இருவரும் வயசுக்குச் சண்டை போடுங்கள். ஊர்சுற்றி, நீங்கள் பாட்டியிடம் கேளுங்களேன்? எப்போது வாங்கினார் என்று ஒரு கேள்வி. இரண்டு நாளாக ஆண்கள் குழாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று, சும்மா எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வேண்டாம் என்றாலும் ஏதாவது கொடுங்கள், ஒரு தாளில் தேதி, சைக்கிளின் அடையாளம், தொகை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சீரியல் எண் இல்லாத வண்டியைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டும்போது அந்த ஒரு தாள் பேசும்.

கோட்டம்

“இரண்டு நாளாக ஆண்கள் குழாய்க்குள் டார்ச்”. இந்த இழைக்கு இதையே தலைப்பாக வைத்திருக்கலாம்.

அரைக்கிழவன்

சீட்டுக் கம்பி பற்றி. அது அலுமினியம், ஃப்ரேம் இரும்பு. வேர்வையும் மழையும் இறங்கி இறங்கி அலுமினியம் பூத்துப் பெருத்து, இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துரு எண்ணெய் ஊற்றி வைத்தால் சில சமயம் இளகும். அமோனியாவில் எனக்கு இரண்டு தடவை இளகியிருக்கிறது, ஒரு தடவை இளகவில்லை. கடைசி வழி காஸ்டிக் சோடா. அது அலுமினியத்தை அப்படியே கரைத்துவிடும், இரும்பைத் தொடாது.

நட்டுபோல்ட்டு

காஸ்டிக் சோடா பக்கமே போகாதே தம்பி! அலுமினியத்தோடு சேர்ந்தால் கொதிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பக்கத்தில் நெருப்பு இருந்தால் அவ்வளவுதான், கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் அவ்வளவுதான். பெயின்ட்டையும் உரித்துவிடும். கிளவுஸ், கண்ணாடி, காற்றோட்டம் எல்லாம் வைத்துக்கொண்டு தெரிந்தவர்கள் செய்கிற வேலை அது. அந்நிய நாட்டில் அடுத்தவர் வீட்டு விறகுக் கொட்டகையில் செய்கிற வேலையா? அரைக்கிழவன், உங்களுக்கு வயசாகிறது.

கம்பி இப்போது இருக்கிற உயரத்தில் உட்கார்ந்தால் கால் சரியாக எட்டுகிறதா பார். எட்டினால் மூன்று நாளில் அதைத் தொடவே தொடாதே. ஊருக்குப் போய் மாதக்கணக்கில் எண்ணெய் விட்டுப் பொறுமையாக எடு.

அரைக்கிழவன்

வயசாகிறது என்பதைப் பேரிலேயே போட்டிருக்கிறேன். சரி, சோடாவை வாபஸ் வாங்குகிறேன்.

ஊர்சுற்றி

ஒரு தப்பு செய்துவிட்டேன், திட்டுங்கள். உயரம் எட்டுகிறதா என்று பார்க்கலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் அப்படியே கொஞ்சம் சரிவில் விட்டேன், பதினைந்து இருபது மீட்டர்தான் இருக்கும். டயரில் காற்றே இல்லை என்பது தெரியும், மெதுவாகத்தானே என்று நினைத்தேன். திருப்பத்தில் முன் டயர் ரிம்மை விட்டுத் தனியாகக் கழன்று வந்தது, நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். முழங்கை தோல் போச்சு. சைக்கிளுக்கு ஒன்றும் இல்லை, ஹேண்டில்பார் டேப் மட்டும் ஓரத்தில் கிழிந்தது. பாட்டி மேலே ஜன்னலில் இருந்து பார்த்துச் சிரித்தார், பேரன் சிரித்தான். கால் எட்டுகிறது.

பழைய இரும்பு

அது டியூபுலர் டயர். டியூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் பசையால் ஒட்டியிருப்பார்கள். பசை காய்ந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பழக்கம் மட்டும்தான். பிரேக் ரப்பரும் கல்லாகியிருக்கும். இரண்டையும் மாற்றாமல் இனி ஏறினால் உங்களுக்குப் பதில் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.

ஊர்சுற்றி

மழைக்கால மிதி சொன்னபடி பாட்டியிடம் கேட்டேன். இதை நிதானமாக எழுத வேண்டும்.

கணவர் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மட்டத்தில் ரேஸ் ஓட்டியவர், பெரிதாக எதுவும் ஜெயிக்கவில்லையாம். வருடம் பாட்டிக்கு நினைவில்லை. ஆனால் “இது இரண்டாவது” என்றார். முதலாவது எங்கே என்றால், கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனார். அவரைக் கொடிப் பந்தலுக்கு நடுவில் ஒரு கம்பு மாதிரி நட்டு வைத்திருக்கிறார்கள், முதல் சைக்கிளின் ஃப்ரேமை! முழுக்கத் துரு, கொடி சுற்றிச் சுற்றி மேலே போயிருக்கிறது. பழைய இரும்பு சொன்ன இடத்தில் கையை வைத்தேன், தலைக்குழாய்க்குப் பின்னால் கீழ்க்குழாய் முழங்கை மாதிரி மடங்கியிருக்கிறது. இறக்கத்தில் ஒரு வண்டி குறுக்கே வந்ததாம். கணவருக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. கட்டுப் போட்ட கையோடு அன்றைக்கு ராத்திரியே அதில் இருந்து சாமான்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, இன்னும் கோபம் இருக்கிற மாதிரி கையை உதறினார். கீர், பிரேக், கிராங்க் எல்லாம் அதில் இருந்து வந்ததுதான்.

நட்டுபோல்ட்டு அண்ணே, உங்களுக்கு ஒரு கும்பிடு.

நட்டுபோல்ட்டு

அவரைப் பந்தல். முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், இப்படி ஒரு சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

பழைய இரும்பு

சரி, தோற்றேன். இப்போது முக்கியமான விஷயம். கொண்டுவந்ததும் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? ஃப்ரேமை உரித்து, குரோம் புதிதாகப் போட்டு, பழைய எழுத்துகளை வைத்துப் பேரைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் அடித்தால் கண்ணைப் பறிக்கும். நான் அப்படித்தான் செய்வேன். துருவை விட்டுவைத்தால் உள்ளேயும் தின்னும்.

மழைக்கால மிதி

கூடவே கூடாது. துருவை நிறுத்துவது வேறு, மனுஷனையே அழிப்பது வேறு. துரு இருக்கும் இடத்தில் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலை வைத்து எடுத்துவிட்டு, உள்ளே எண்ணெய் காட்டி, மேலே மெழுகு போட்டால் போதும். வெயில் பட்ட பக்கம் செங்கல் நிறமாகவே இருக்கட்டும். கிசால்லோ கோவிலுக்குள் போனீர்களே, ஃபாபியோ கசார்தெல்லியின் சைக்கிளைப் பார்த்தீர்களா?

ஊர்சுற்றி

பார்த்தேன். 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், 1995 டூர் டி பிரான்ஸில் ஓர் இறக்கத்தில் விழுந்து இறந்துபோனார். விழுந்தபோது அடிபட்ட அதே வண்டியை வைத்திருக்கிறார்கள். யாரும் நிமிர்த்தவில்லை. அதற்குப் பக்கத்தில் கோப்பி, பர்தாலி, மெர்க்ஸ் மாதிரி பழைய சாம்பியன்களின் வண்டியெல்லாம் இருக்கின்றன, ஆனால் நான் அதிக நேரம் நின்றது அந்த வளைந்ததுக்கு முன்னால்தான். பெயின்ட் அடிக்க மாட்டேன்.

பழைய இரும்பு

அது வேறு, இது வேறு. அது நினைவுச் சின்னம், இது ஓட்டப்போகிற வண்டி. ஆனால் வண்டி உங்களுடையது, விடுங்கள்.

அரைக்கிழவன்

ஓட்டப் போகிறார் என்றால் ஒரு யோசனை. டஸ்கனியில் கயோலே இன் கியாந்தி என்ற ஊரில் அக்டோபரில் லெரோயிக்கா என்று ஒன்று நடக்கும், 1997இல் தொடங்கியது. வெள்ளை மண் சாலைகளில் பழைய ரேஸ் சைக்கிள் மட்டும். 1987 வரை வந்த வண்டியாக இருக்க வேண்டும், கீர் லீவர் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து வர வேண்டும், பெடலில் கூண்டும் வாரும் வேண்டும். உங்கள் வண்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரே கவலை, கீர். அந்தக் கிராங்கில் முன் பல்சக்கரம் 41 பல்லுக்குக் கீழே போட முடியாது. அந்தக் காலத்து 42ஐ வைத்துக்கொண்டு மண் ஏற்றம் ஏறினால் பாதிப் பேர் மாதிரி நீங்களும் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். நான் நடந்திருக்கிறேன். வெட்கமே இல்லை, பக்கத்தில் நடக்கிறவர்களோடு நல்ல பேச்சு கிடைக்கும்.

நட்டுபோல்ட்டு

பெட்டியில் போடும் முறை, சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்து ஊர் சைக்கிள் கடையில் காலி அட்டைப்பெட்டி கேள். பெடல் கழற்றும்போது இடது பெடலுக்கு எதிர் மரை, கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். சக்கரம் எடுத்தபின் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு கட்டை, பின்பக்கத்து இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவே ஒரு கட்டை கொடு, இல்லாவிட்டால் நசுங்கும். பின் டெரெய்லரைக் கட்டாயம் கழற்றி, துணியில் சுற்றி, ஃப்ரேமுக்கு உள்ளே கட்டு. கட்டாயம்.

ஊருக்குப் போனபின் முழுசாகப் பிரித்து மாட்டும்போது ஒன்று. இது இத்தாலிய மரை, பெடல் அச்சின் இரண்டு பக்கக் கப்பும் வலது மரைதான். வலது கப் ஓட்ட ஓட்டத் தானாகக் கழலப் பார்க்கும், நன்றாக இறுக்கு. இங்கிலீஷ் மரை கப்பை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதே, இதற்கு 36 மில்லிமீட்டர், அது சின்னது.

ஊர்சுற்றி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வந்து சேர்ந்தது. பாட்டியிடம் 150 யூரோ கொடுத்தேன், எண்ணிப் பார்த்து 50ஐத் திருப்பிக் கொடுத்தார். தாளில் கையெழுத்துப் போட்டார், தேதிக்குக் கீழே “சிவப்பு” என்று மட்டும் எழுதினார், வேறு அடையாளம் எதுவும் சொல்லத் தெரியவில்லை போல. ஸ்பேனர் டப்பாவைத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது திட்டு வாங்கும் பகுதி. பெட்டி மூடும்போது மணி பன்னிரண்டு, டெரெய்லரைக் கழற்றவில்லை. விமானத்தில் எவனோ பெட்டியை அந்தப் பக்கமாகப் படுக்கவைத்திருக்கிறான். டெரெய்லர் மாட்டும் காது உள்பக்கம் வளைந்திருக்கிறது.

நட்டுபோல்ட்டு

“கட்டாயம்” என்று இரண்டு தடவை எழுதினேன். எண்ணிப் பார்.

சரி, இரும்புதானே, நிமிர்த்தலாம். நீ செய்யாதே, அதற்கென்று அளவுக் கம்பி வைத்திருப்பவரிடம் கொடு. ஒரே ஒரு தடவை வளைக்க வேண்டும், இப்படியும் அப்படியுமாக ஆட்டினால் முறிந்துவிடும்.

இன்னொரு விஷயம். அந்த அவரைப் பந்தல் ஃப்ரேம் இருக்கிறதே, அதன் பின் அச்சுப் பிளேட்டில் என்ன முத்திரை என்று பார்த்தாயா? அதுவும் இதுவும் ஒரே பட்டறையா என்று அதில் தெரிந்துவிடும்.

ஊர்சுற்றி

பார்க்கவில்லை அண்ணே. பிளேட் இருந்த இடம் பூராவும் அவரைக்காய்.

நட்டுபோல்ட்டு

பேரனின் நம்பர் இருக்கிறதா?

கோட்டம்

ஆரம்பித்துவிட்டார்.